முதுமையிலும் தளராத அமானிதம்
கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

 



ஜமாஅத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் வரவு செலவுக் கணக்குக்கு அடுத்தபடியாக நாம் தேடிப் பார்ப்பது, அவ்வாண்டில் வஃபாத்தானவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான். சென்ற ஆண்டு அப்பட்டியலைப் படித்துப் பெருமூச்சு விட்டு, மறைந்தவர்களுக்காக துஆச் செய்தவர்களுள் சிலர் இவ்வாண்டு அதே பட்டியலில் இடம்பெற்று விடுகின்றனர். அடுத்த ஆண்டுப் பட்டியலில் யார் யார் பெயர் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

இவ்வுண்மையை நாம் அனைவரும் அறிந்தே இருக்கின்றோம். ஆயினும் முதுமையை எவ்வாறு கழிப்பது, இறுதிப் பயணத்திற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதில் நம்மிடையே இரு வகையான தவறுகள் காணப்படுகின்றன. சிலர், வயது அறுபதைக் கடந்துவிட்டால் இனித் தமக்குக் கடமை எதுவும் இல்லை என்று கருதி, திண்ணையிலும் தொலைக்காட்சியின் முன்னும் நாள்களைக் கழிக்கின்றனர். வேறு சிலர், எண்பதைத் தொட்ட பின்னும் கடையின் கணக்கையும், பொறுப்பில் உள்ள பதவியையும், வீட்டின் சாவியையும் எவரிடமும் ஒப்படைக்க மனமின்றி இறுகப் பற்றிக் கொண்டிருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நேரிய வழி உண்டு. அவ்வழியில் நடந்து காட்டிய ஒரு பெரியாரின் வாழ்வை இம்மலரில் நினைவு கூர விழைகின்றோம்.

அவர்தாம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

நம் மாவட்டம் தாங்கிய பெயர்

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் உருவானது நம் திண்டுக்கல் மாவட்டம். இம்மாவட்டம் ஒரு காலத்தில் காயிதே மில்லத் அவர்களின் பெயரைத் தாங்கியிருந்ததை நம் பெரியோர் அறிவர். அரசு அலுவலகப் பலகைகளிலும் அஞ்சல் முகவரிகளிலும் அப்பெயர் எழுதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர் மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டும் வழக்கம் கைவிடப்பட்டது. பலகைகள் மாற்றி எழுதப்பட்டன. இன்று நம் மதரஸாவில் ஓதும் சிறுவர்களைக் கேட்டால், அவர் யார், எவ்வூரார், எங்கே அடங்கியுள்ளார் என்று சொல்லத் தெரிந்தவர் மிகச் சிலரே.

பலகையில் எழுதிய பெயர் அழியக்கூடியது என்பதில் வியப்பில்லை. நம் மலைக்கோட்டையை ஆண்ட நாயக்கர்களும் மைசூராரும் ஆங்கிலேயரும் போய்விட்டனர். 1755இல் பவுஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலி அவர்களும் போய்விட்டார்கள். கோட்டை மட்டும் மௌனமாய் நிற்கின்றது. மனிதன் உடன் எடுத்துச் செல்வது அவனுடைய செயல்களையே. ஆதலால் பெயரை விடுத்துச் செயல்களைப் பார்ப்போம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமையாகும். காயிதே மில்லத் அவர்கள் ஓர் அரசியல் இயக்கத்தின் தலைவராக விளங்கியவர்கள். நம் ஜமாஅத்தில் பல்வேறு கட்சிகளைச் சார்ந்தோர் உள்ளனர். அவர்களுடைய அரசியல் முடிவுகளை ஏற்காதவர்கள் அக்காலத்திலும் இருந்தனர், இக்காலத்திலும் இருப்பர். எக்கட்சிக்காகவும் நாம் இதனை எழுதவில்லை. ஏற்ற அமானிதத்தை இறுதி மூச்சு வரை காத்த ஒரு முஃமினின் வாழ்வு என்ற அளவிலேயே இதனை எழுதுகின்றோம்.

தாயின் மடியில் தொடங்கிய கல்வி

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்கக் கல்வி பெற்ற மௌலவியாகவும் வணிகராகவும் திகழ்ந்தவர்கள். இளம் வயதிலேயே தந்தையை இழந்த அவர்களுக்குக் குர்ஆனையும் அரபு மொழியையும் கற்பித்தவர் அவர்தம் அன்னையாரே. ஒரு பிள்ளையின் எழுபத்தைந்தாண்டு வாழ்வுக்கு அடிக்கல் நாட்டியவர் ஒரு விதவைத் தாய் என்பதை நம் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

1909இல், பதின்மூன்று வயதுச் சிறுவராக இருந்தபோதே, தம் ஊரில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1918இல் மார்க்க அறிஞர்களின் அமைப்பாகிய மஜ்லிஸுல் உலமா உருவானபோது அதற்கும் பெருந்துணை புரிந்தார்கள். திருநெல்வேலியிலும் திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பயின்றார்கள். 1920இல் மகாத்மா காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தபோது, பட்டத் தேர்வு நெருங்கி வந்த வேளையில், அத்தேர்வை எழுதாமல் விட்டு விலகினார்கள். அன்று பட்டம் பெற்ற ஒருவருக்கு அரசுப் பதவியும் செல்வாக்கும் காத்திருந்தன. நியாயம் என்று தாம் கருதியதற்காக அவற்றைத் துறக்க இருபத்து நான்காம் வயதிலேயே அவர்களுக்கு மனம் இருந்தது.

முதுமையில் உறுதி என்பது முதுமையில் முளைப்பதன்று. இளமையில் ஊன்றிய விதையே முதுமையில் நிழல் தருகின்றது. ஐந்து நிலைகள் வந்து சேருமுன் ஐந்து நிலைகளைப் பயன்படுத்திக் கொள்ளுமாறும், அவற்றுள் முதுமை வருமுன் இளமையைப் பயன்படுத்திக் கொள்ளுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதன் பொருள் இதுவே.

தோல் வணிகமும் நேர்மையும்

படிப்பை விட்ட பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். தோல் தொழில் நம் திண்டுக்கல்லுக்குப் புதியதன்று. தோல் பதனிடும் தொழிலில் உழைத்த கைகள் நம் மஹல்லாக்களில் பல. பச்சைத் தோலை உப்பிட்டு, சுண்ணாம்பிலிட்டு, மயிர் நீக்கி, பட்டைச் சாற்றில் ஊற வைத்து எடுக்கும் அத்தொழிலில் அவசரம் உதவாது. ஒரு கட்டத்தில் செய்யும் சிறு ஏமாற்று, விற்ற பின்னரும் தோலில் வெளிப்பட்டு விடும். பொறுமையும் நாணயமும் இல்லாதவர் அவ்வணிகத்தில் நிலைக்க இயலாது. பொறுமையும் நாணயமும் பிற்காலத்தில் அவர்தம் பொதுவாழ்வின் அடையாளங்களாக விளங்கின.

பொதுப் பணி படிப்படியாக அவர்களை அழைத்துக் கொண்டது. 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராகப் பணியாற்றினார்கள்.

ஐம்பத்தோராம் வயதில் வந்த சுமை

1947இல் நாடு விடுதலை பெற்றது, பிரிந்தும் போயிற்று. வடபுலத்தில் குருதி ஆறாக ஓடிற்று. சமுதாயத்தின் தலைவர்களாக இருந்தோருள் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். வேறு பலர் வாய் திறவாது ஒதுங்கினர். இங்கேயே தங்கிவிட்ட கோடிக்கணக்கான முஸ்லிம்கள் திகைத்து நின்றனர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் கராச்சியில் கூடிய முஸ்லிம் லீக் பேரவை, இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு என முடிவு செய்து, இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைத் தேர்ந்தெடுத்தது.

1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூட்டம் நடைபெற்றது. அமைப்பைக் கலைத்துவிடலாம் என்ற கருத்தும் அங்கு எழுந்தது. தொடர்வதே நன்று எனப் பெரும்பாலோர் முடிவு செய்தனர். தலைமைப் பொறுப்பு அவர்கள் மீது சுமத்தப்பட்டது. அப்போது அவர்களுக்கு வயது ஐம்பத்தொன்று. அன்றைய நிலையில் அப்பதவி பூமாலை அன்று; முள்முடி. ஆட்சியாளரின் ஐயம் ஒருபுறம், மக்களின் வெறுப்பு ஒருபுறம், சொந்தச் சமுதாயத்தின் அச்சம் மறுபுறம். ஆதாயம் கருதும் எவரும் அதனை ஏற்க முன்வந்திருக்க மாட்டார்.

நம்மிடையே ஐம்பதைத் தாண்டியவர்கள், மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகனுக்குக் கடை வைத்துக் கொடுத்தாயிற்று, இனி ஓய்வு என்று கூறும் பருவம் அது. அப்பருவத்தில் அவர்கள் தோளில் ஏற்றிய சுமையைப் பின்வந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் இறக்கி வைக்கவில்லை.

தோற்ற பின்னும் தளராமை

அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் உறுப்பினராக இருந்தார்கள். 1948 நவம்பர் 23ஆம் நாள், பொதுச் சிவில் சட்டம் பற்றிய விவாதத்தின்போது, எந்தச் சமூகத்தாரும் தமக்குரிய தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவை நமக்கு மார்க்கத்தின் பகுதிகள் என்பதை அவையில் எடுத்துரைத்தார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில், தொன்மை வாய்ந்த நம் தமிழ் மொழிக்காகக் குரல் கொடுத்தார்கள். அதுவும் ஏற்கப்படவில்லை.

தோல்வி கண்டதும் சிலர் கசந்து போவர்; சிலர் கோபம் கொண்டு வசைமொழி பேசுவர். அவர்களோ இரண்டையும் செய்யவில்லை. நாடாளுமன்றத்தில் எதிரணியினரும் மதிக்குமளவுக்கு மென்மையாகவும் தெளிவாகவும் பேசுவது அவர்கள் வழக்கம். சொல்ல வேண்டியதைச் சொல்லி வைப்பது அடியானின் கடமை. விளைவைத் தருவது ஆண்டவனின் அதிகாரம் என்ற ஈமானின் பாடத்தை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள் என்றே நாம் கருதுகின்றோம். வயது ஏற ஏற, பேச்சுக் கேட்கப்படவில்லையே என்று வீட்டிலும் பள்ளியிலும் மனம் வெதும்பும் நம் முதியோருக்கு இதில் பெரும் ஆறுதல் உண்டு.

அறுபத்தைந்து முதல் எழுபத்தைந்து வரை

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றிய அவர்கள், 1962இல் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அப்போது வயது அறுபத்தைந்து. 1967இல் மீண்டும் வென்றார்கள். அப்போது வயது எழுபது. 1971இல் மூன்றாம் முறையும் வென்றார்கள். அப்போது வயது எழுபத்து நான்கு. மொழியால் வேறுபட்ட ஒரு நாட்டார் தமிழரான அவர்களைத் தொடர்ந்து மூன்று முறை தம் பிரதிநிதியாக அனுப்பினர். தொகுதியில் வாக்குக் கேட்டு அலையாமலேயே அவர்கள் வென்றார்கள் என்பது மலபார் மக்களிடையிலும் நம்மிடையிலும் பரவலாகப் பேசப்படும் செய்தியாகும். நம்பிக்கை என்பது ஒரு நாளில் ஈட்டுவதன்று என்பதற்கு இதுவே சான்று.

1962இல் சீனா நம் எல்லையைத் தாக்கியபோது, தம் ஒரே மகனை நாட்டின் படைக்கு அனுப்ப ஆயத்தமாக இருப்பதாகப் பிரதமர் நேரு அவர்களுக்குத் தெரிவித்தார்கள். முதுமையில் ஒரு தந்தைக்கு ஊன்றுகோலாக இருப்பவன் மகன். அதுவும் ஒரே மகன். அந்த ஊன்றுகோலையே கொடுக்க முன்வந்த மனத்திற்கு, பிற்காலத்தில் எதை விட்டுச் செல்வது கடினமாக இருந்திருக்கும்?

இத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் அவர்கள் வாழ்க்கை எளியதாகவே இருந்தது. சென்னைக்கு அடுத்த குரோம்பேட்டையில் ஆடம்பரமற்ற இல்லத்தில் வசித்தார்கள். ஐவேளைத் தொழுகையில் பேணுதல் உடையவர்களாக விளங்கினார்கள். கல்வியின்றிச் சமுதாயம் உயராது என உணர்ந்து, முஸ்லிம்கள் கல்லூரிகள் நிறுவுவதற்கு ஊக்கமளித்தார்கள். சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் தோன்றி, நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் கல்விக்கண் திறந்தன. தாம் அமர்ந்து இளைப்பாற முடியாத மரங்களை நடும் முதியோரே சமுதாயத்தின் செல்வம். இறுதி நாள் வந்துவிட்டதென அறிந்தாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் அல்லவா நாம்!

இறுதிப் பயணம்

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். எழுபத்தாறாம் வயது நிறைவடைய இரண்டு மாதங்களே இருந்தன. வஃபாத்தாகும் வேளையிலும் இயக்கத்தின் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்கள். திருவல்லிக்கேணியில், ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய வாலாஜா பெரிய பள்ளிவாசலின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். தொழ வருவோர் ஸலாம் கூறிச் செல்லும் இடத்தில் அவர்கள் உறங்குகின்றார்கள்.

அவர்களுக்குப் பின் அப்பொறுப்பு அநாதையாகிவிடவில்லை. உடனிருந்து பழகிய மலபாரின் ஸையித் அப்துர் ரஹ்மான் பாஃபகி தங்கள் அவர்கள் தலைமையை ஏற்றார்கள். அவர்களும் ஓராண்டுக்குள், 1973 ஜனவரியில், ஹஜ்ஜுக்குச் சென்றிருந்தபோது புனித மக்காவிலேயே வஃபாத்தானார்கள். அதன்பின் இப்ராஹிம் சுலைமான் சேட் அவர்கள் அப்பொறுப்பில் அமர்ந்தார்கள். பத்து மாத இடைவெளியில் இரு பெரியார்கள் மறைந்தும் பணி நின்றுவிடவில்லை. தாம் வாழும்போதே பிறரைத் தகுதிப்படுத்தி வைப்பவரின் பணி, அவர் கப்ருக்குச் சென்ற பின்னும் நடக்கின்றது. எல்லாவற்றையும் தம் கைக்குள்ளேயே வைத்திருந்தவரின் பணியோ, அவருடைய ஜனாஸாவோடு சேர்ந்து அடங்கிவிடுகின்றது.

1996இல் அவர்கள் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. சென்னையில் அரசு மகளிர் கல்லூரி ஒன்று அவர்கள் பெயரால் இயங்குகின்றது. இவையெல்லாம் உலகம் செய்யும் மரியாதை. அல்லாஹ்விடத்தில் உள்ள மரியாதையோ நிலையானது. அதனையே நாம் அவர்களுக்காக துஆவில் வேண்டுகின்றோம்.

நாம் செய்ய வேண்டியவை

பெரியோர்களே! மூத்த வயதில் வணக்கத்தைப் பெருக்குவது நம் நபியின் வழியாகும். ஒவ்வோர் ஆண்டும் ரமளானில் பத்து நாள்கள் இஃதிகாஃப் இருந்து வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் இறுதி ஆண்டின் ரமளானில் இருபது நாள்கள் இருந்தார்கள். ஆனால் அதே இறுதிக் காலத்தில் மக்களுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் அவர்கள் விட்டுவிடவில்லை. வணக்கமும் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

உடல் தளர்ந்தவருக்கு மார்க்கம் இடர் தரவில்லை. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்த நிலையில் சைகையால் தொழலாம். நோன்பு நோற்க அறவே இயலாத முதியவர் அதற்குரிய ஃபித்யாவை ஏழைக்கு வழங்கலாம். சலுகை உண்டு; விடுமுறை இல்லை. விடுபட்ட தொழுகைகளும் கொடுக்கத் தவறிய ஸகாத்தும் இருக்குமாயின், நினைவும் வலிமையும் உள்ளபோதே நிறைவேற்றத் தொடங்க வேண்டும்.

அடுத்தது மனிதருக்குச் சேர வேண்டியவை. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, அக்கடனை ஒரு தோழர் பொறுப்பேற்கும் வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குத் தொழுவிக்க முன்வரவில்லை என்பதை நாம் அறிவோம். நம் மஹல்லாக்களில் ஜனாஸா எடுக்குமுன் கடன்காரர்கள் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அறிவிக்கின்றோம். ஆனால் மண் காய்வதற்கு முன்பே கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று அண்ணன் தம்பிகள் வழக்கு மன்றம் ஏறும் காட்சியைக் காணாத ஊர் இல்லை. மறைந்தவர் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதி வைத்திருந்தால் அப்பகை தோன்றியிராது.

ஆகவே கடனை எழுதி வையுங்கள். பிறர் உங்களிடம் கொடுத்து வைத்த அமானிதங்களை எழுதி வையுங்கள். மனைவிக்குக் கொடுக்காமல் நிலுவையிலுள்ள மஹரும் கடனே என்பதை மறவாதீர்கள். வாரிசல்லாதவர்க்கும் தருமத்திற்கும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் செய்ய மார்க்கம் இடமளிக்கின்றது. மகளுக்குரிய பங்கை மறைப்பதற்காக வஸிய்யத்தைக் கருவியாக்கிக் கொள்ளாதீர்கள். அது ஆயுட்கால அமல்களை இறுதிக் கட்டத்தில் பாழாக்கும் செயலாகும். வக்ஃபுப் பொறுப்பில் உள்ளோர் கணக்கையும் பத்திரங்களையும், தமக்குப் பின் வருவோர் எளிதில் காணுமாறு, உரியவர் அறிய ஒழுங்குபடுத்தி வையுங்கள்.

நம் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். எவ்வளவு உறுதியான பூட்டானாலும் அதன் சாவி இருக்குமிடம் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் மறைந்த பின்னர் அதனை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். குடும்பங்களும் ஜமாஅத்துகளும் அவ்வாறு உடைபடலாகாது.

இளைஞர்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. பெரியோர் பொறுப்பை ஒப்படைக்க முன்வரும்போது ஏற்றுக் கொள்ளக் கைகள் வேண்டும். வீட்டின் மூலையில் கிடக்கும் பாட்டனாரைத் தோள் கொடுத்துப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். அவர் கண்டதையும் கேட்டதையும் அவர் வாயால் கேட்டு வையுங்கள். தொழுகை வரிசையில் அவருக்காக ஒரு நாற்காலி போடுவதும் நன்மையே.

காயிதே மில்லத் அவர்கள் பதவிக்காக வாழ்ந்திருந்தால் அவர்களுடைய வாழ்வு அப்பதவியோடு முடிந்திருக்கும். செல்வத்திற்காக வாழ்ந்திருந்தால் அது வாரிசுகளோடு முடிந்திருக்கும். ஏற்ற அமானிதத்தைக் காப்பதற்காக வாழ்ந்தார்கள். ஆதலால் அவர்களை நேரில் காணாத நாமும் அவர்களுக்காகக் கையேந்துகின்றோம். நமக்குப் பின் நமக்காகக் கையேந்துவோர் இருக்க வேண்டுமாயின், எஞ்சியுள்ள நாள்களை அதற்குரியனவாக ஆக்கிக் கொள்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் வாழ்நாளில் சிறந்த பகுதியை அதன் இறுதிப் பகுதியாகவும், எங்கள் செயல்களில் சிறந்தவற்றை அவற்றின் முடிவாகவும் ஆக்கியருள்வாயாக! கடன் சுமையோடும் பகைச் சுமையோடும் எங்களைக் கப்ருக்கு அனுப்பி விடாதிருப்பாயாக! இவ்வாண்டில் எங்களை விட்டுப் பிரிந்த ஜமாஅத்தார் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களுடைய கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! கலிமாவுடன் விடைபெறும் பேற்றினை எங்கள் அனைவருக்கும் வழங்குவாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.